வன்னியில் வீட்டு ஒலிப்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாங்குளம் பக்கங்களில் வீட்டிலேயே பாடிப் பதிகிறவர்களும் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுச் செய்து கொடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில், ஒழுங்கான ஏர்த்தும் கனமான கூரையும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே மின்சாரம், வெக்கை, மாரி ஈரம், தகரக் கூரை ஆகிய நான்கையும் கவனித்த பிறகுதான் புதுச் சாமானைப் பற்றி யோசிக்க வேண்டும்.

1. வீட்டில பாடிப் பதியிறதுக்குக் கட்டாயம் என்னென்ன வேணும்?

லப்டொப் ஒன்று, இரண்டு உள்ளீடு உள்ள யூஎஸ்பி இன்டர்பேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), டைனமிக் மைக் ஒன்று, 5 மீற்றர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முள்ளு மைக் கேபிள்) இரண்டு, பாரமான அடியுள்ள மைக் ஸ்டாண்ட், காதை முழுதாக மூடும் ஹெட்போன். இரண்டாவது கேபிள் வீண்செலவு அல்ல. பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான், மாற்றிப் பார்க்க இன்னொன்று இல்லாவிட்டால் மைக் பழுதா கேபிள் பழுதா என்று தெரியாமல் ஒரு நாள் போய்விடும்.

'ப', 'ப்ப' வரும்போது காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, தையல் வளையத்தில் மெல்லிய நைலோன் துணியை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். சொப்ட்வெயருக்கு உடனே காசு கொடுக்கத் தேவையில்லை. ஒடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம், அதன் பிறகு தனிப்பட்ட பாவனைக்கான அனுமதி 60 டொலர். மேசை ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். கேட்கிற அறை சரியில்லாமல் ஸ்பீக்கர் வாங்கினால் அது உங்களுக்குப் பிழையான தகவலைத்தான் தரும்.

2. போனிலயே பதிஞ்சாக் காணாதோ?

மெட்டு மறக்காமல் இருக்கக் காணும். பாட்டாக வெளியிடக் காணாது. போன், கதைப்பது விளங்க வேண்டும் என்பதற்காகச் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். தொடர்ந்து ஒலிக்கும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டும். தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் அது விழுங்குவது இதனால்தான். போன்தான் இருக்கிறது என்றால், பதிவுச் செயலியின் அமைப்பில் இரைச்சல் குறைப்பை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி, மேசையில் மடித்த துவாயின் மேல் வையுங்கள்.

3. கண்டென்சர் மைக்தான் நல்லதெண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் ஏன் டைனமிக் வாங்கவேணும்?

கண்டென்சர் நல்லதுதான். ஆனால் அது உங்கள் குரலை மட்டுமல்ல, பக்கத்து வளவுச் சேவல், தண்ணி மோட்டர், சில்வண்டு, தகரத்தில் ஓடும் அணில் எல்லாவற்றையும் நல்லாகவே எடுக்கும். டைனமிக் மைக்கை வாய்க்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் கிட்ட வைத்துப் பாடலாம். திறந்த வெளியில், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். அறைச் சத்தம் அப்படியே நிற்கும். கிட்டப் பாடுவதுதான் இங்கே மிக மலிவான இரைச்சல் நீக்கி.

டைனமிக்குக்கு ஒரு குறையும் உண்டு. ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கின் வெளியீடு சிறியது. மெல்லப் பாடுகிறவருக்கு இன்டர்பேஸில் 50, 55 டெசிபெல் வரை கூட்ட வேண்டிவரும். மலிவான இன்டர்பேஸ்களில் குமிழை முக்காலுக்கு மேல் திருப்பினால் 'உஸ்' என்ற சத்தம் வரும். அப்படி வந்தால் முதலில் இன்னும் கிட்டப் போய்ப் பாடிப் பாருங்கள். சீலிங் அடித்த, அமைதியான கல்வீட்டு அறை இருக்கிறவர் தாராளமாகக் கண்டென்சர் வாங்கலாம். அதற்கு இன்டர்பேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். கேபிளைச் செருகிய பிறகே அழுத்துங்கள், கழற்ற முன் நிறுத்துங்கள்.

4. எங்கட வீடு தகரக் கூரை. மழை பெய்தா ஒண்டும் கேக்காது. என்ன ஸ்பொஞ்ச் ஒட்டினா நிக்கும்?

எந்த ஸ்பொஞ்சும் நிற்பாட்டாது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதும், உள்ளே எழும் சத்தம் எதிரொலிக்காமல் உறிஞ்சுவதும் வேறு வேறு வேலைகள். தடுப்பதற்கு எடையும் இடைவெளி இல்லாத மூடலும் வேண்டும். ஸ்பொஞ்சில் இரண்டும் இல்லை. முட்டை அட்டை உறிஞ்சுவதையும் சரியாகச் செய்யாது. அதை ஒட்டின அறையில் உச்சத்தொனி மட்டும் கொஞ்சம் மங்கும், நடு ஒலியின் பானைக்குள் கதைக்கிற தன்மை அப்படியே இருக்கும்.

மழைக்குச் செய்யக்கூடியது கூரையிலேயே இருக்கிறது. தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ வேய்ந்தால் துளி தகரத்தில் நேரே விழாது, பகல் வெக்கையும் தணியும். கறையானையும் நெருப்பையும் கவனிக்க வேண்டும். கீழே சீலிங் அடித்து, தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் ரொக்வூல் பரப்பினால் இன்னும் குறையும். இரண்டும் செய்தாலும் கார்த்திகை மழையில் பதிய ஏலாது. அன்றைக்குப் பதிவை விட்டு, முன்பு பதிந்தவற்றைச் சேர்த்துச் சமப்படுத்தும் கலவை வேலையைச் செய்யுங்கள். மழை இல்லாத நாளிலும் தகரம் காலையில் வெயில் ஏறும்போதும் பொழுதுபட்டுக் குளிரும்போதும் 'டிக், டக்' என்று விரிந்து சுருங்கும். அந்த ஒன்றிரண்டு மணித்தியாலங்களைத் தவிருங்கள். தை, மாசியில் அறுவடை மெசின் இரவிலும் ஓடும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் ஒலிபெருக்கி நிற்காது. ஒரு கலண்டரில் இவற்றைக் குறித்து வைத்தால் பாட்டுக்காரரை வீணாக வரச்சொல்ல வேண்டியிராது.

எதிரொலிக்கு: தும்பு மெத்தை இரண்டை நிமிர்த்தி, திறந்த புத்தகம் போலப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். அது பிழை. மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் விட்டால் இன்னும் தாழ்ந்த ஒலியையும் உறிஞ்சும். தலைக்கு மேல் தடித்த போர்வை ஒன்றைத் தகரத்திலிருந்து ஒரு முழம் கீழே தொய்யக் கட்டுங்கள். தாழ்ந்த இரைச்சலுக்கு இதுவும் உதவாது: 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீற்றர், மெத்தையின் தடிப்பு அதற்கு ஒரு பொருட்டல்ல.

5. ஃபானை நிப்பாட்டினா வேர்க்குது, விட்டா அந்தச் சத்தமும் பதியுது. என்ன செய்ய?

பாடும்போது நிறுத்துங்கள், நடுவில் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பதியாமல் பல்லவி, சரணம் என்று பிரித்துப் பதிந்தால் தாங்கலாம். நிறுத்தவே முடியாவிட்டால் மேசை ஃபானை மைக்கின் நேர்ப் பின்பக்கத்தில், இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். கார்டியோயிட் வகை (முன்பக்கம் கூடுதலாகக் கேட்கும்) மைக் பின்னால் மிகக் குறைவாகவே கேட்கும். தலைக்கு மேல் சுழலும் ஃபான் மட்டும் வேண்டாம். அது குரலையே அலையலையாக ஏற்றி இறக்கும், பிறகு எந்த ப்ளகினாலும் (பதிவுச் சொப்ட்வெயரோடு சேர்க்கும் சிறு நிரல்) அதை எடுக்க ஏலாது.

6. பதியேக்க ஒரு இரைச்சல். மைக்கைக் கையால தொட்டா நிக்குது, சார்ஜரைக் கழட்டினாலும் நிக்குது. மைக் பழுதோ?

மைக்கில் பிழையில்லை. ஏர்த்தில்தான் பிழை. இரண்டு முள்ளுச் சார்ஜர் சிறு கசிவு மின்னை லப்டொப்பின் உடலுக்கு விடும். அதற்கு நிலத்துக்குப் போக வழி இல்லாவிட்டால் யூஎஸ்பி வழியே இன்டர்பேஸுக்கும் மைக் கேபிளின் உறைக்கும் வரும். நீங்கள் தொட்டதும் உங்கள் உடல் வழியே போகிறது, இரைச்சல் நிற்கிறது. லப்டொப்பின் உலோகப் பகுதியைத் தடவும்போது விரல் நடுங்குவது போலிருந்தால் அதுவும் இதேதான்.

இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் லப்டொப்பைப் பற்றரியில் விட்டுப் பதியுங்கள். இரைச்சல் போனால் சார்ஜர் வழி உறுதி. போகாவிட்டால் கீபோட், மிக்ஸர், ஸ்பீக்கர் என ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எது கழன்றதும் நிற்கிறதோ அதுதான் ஏர்த் வளையத்தை (ஏர்த் இரண்டு வழியால் போய் வட்டமாவதை) உண்டாக்குகிறது. எல்லாவற்றையும் ஒரே மல்ட்டி பிளக்கில் குத்துங்கள், ஒன்று சுவர்ப் பக்கம், மற்றது குசினிப் பக்கம் வேண்டாம். கீபோட்டிலிருந்து இரைந்தால் நடுவில் ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பெட்டி (இரு பக்க ஏர்த்தையும் பிரித்துவிடும் சிறு பெட்டி) வைத்தால் நிற்கும்.

பிளக்கில் ஏர்த் ஓட்டை இருப்பதாலேயே ஏர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். பழைய வயரிங்கில் ஏர்த் கம்பி கூரைக்குள்ளேயே அறுந்து கிடக்கும். மின்னியலாளர் ஒருவர் மீற்றரால் பார்த்தால் லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்ட வேண்டும். அரைகுறையாகக் காட்டினால் ஏர்த் இல்லை. நிலம் காய்ந்த ஆடி, ஆவணியில் ஏர்த் கம்பி நட்ட இடம் வறண்டும் போகும். இன்னொன்று: சதுர முள்ளு பிளக்கின் மேல் ஓட்டையைப் பேனையால் தள்ளித் திறந்து இரண்டு முள்ளுப் பிளக்கைக் குத்துகிற பழக்கத்தை விடுங்கள். ஏர்த் தேவைப்படும் அம்பிளிஃபையரை அப்படிக் குத்துவது உயிர் ஆபத்து. இரைச்சல் போகிறது என்பதற்காக ஏர்த் முள்ளை முறிப்பதும் அப்படியே.

7. கனடாவில இருந்து மாமா ஸ்பீக்கரும் மிக்ஸரும் அனுப்பியிருக்கிறார். அப்பிடியே குத்தலாமோ?

குத்த முன் பின்பக்க எழுத்தை வாசியுங்கள். '100-240' என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் காணும். '120' மட்டும் இருந்தால் இங்கே குத்திய கணமே எரியும். கனடாவில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். சில ஸ்பீக்கர்களில் பின்னால் 115/230 என்று சிறு தெரிவுச் சுவிட்ச் இருக்கும். அதை 230க்குத் தள்ளி, பியூஸையும் எழுதியிருக்கும் அளவுக்கு மாற்றுங்கள். பிரித்தானியாவில் இருந்து வரும் சாமானுக்கு இந்தத் தொல்லை இல்லை, சதுர முள்ளு பிளக் உள்ள வீட்டில் பிளக்கும் நேரே பொருந்தும்.

120 வோல்ட் மட்டும்தான் என்றால் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், சாமானின் வாட்டைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதாக. அதைப் போட்டாலும் 60 ஹெர்ட்ஸுக்கெனச் செய்த பழைய அம்பிளிஃபையர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடச் சூடேறும், காற்றோட்டமாக வையுங்கள். ட்ரான்ஸ்ஃபோமரை மைக் கேபிளிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைக்காவிட்டால் இரைச்சலைப் புதிதாக வாங்கியதாகிவிடும். சிறு அடப்டர்களில் வோல்ட் ஒன்றாக இருந்தாலும் ஏசியா டிசியா, நடுமுனை கூட்டலா கழித்தலா என்று பாருங்கள். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை கழித்தல்.

அனுப்ப முன்னமே உறவினருக்கு ஒரு படம் அனுப்பச் சொல்வது நல்லது. பழைய ஃபயர்வயர் இன்டர்பேஸ் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். இன்றைய லப்டொப்களில் அதற்கு வாயே இல்லை.

8. கரண்ட் அடிக்கடி போகும், வோல்ட்டும் ஏறி இறங்கும். யூபிஎஸ் வாங்கவோ?

லப்டொப் என்றால் அதற்குள்ளேயே ஒரு யூபிஎஸ் இருக்கிறது: அதன் பற்றரி. பற்றரி நல்ல நிலையில் இருந்தால், யூஎஸ்பியில் மின் எடுக்கும் இன்டர்பேஸும் சேர்ந்து ஓடும். கரண்ட் போனது பாடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. மேசைக் கணினி என்றால் கட்டாயம் வேண்டும். 650 விஏ யூபிஎஸ்களில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி, அதாவது 84 வாட்-மணி. இழப்பெல்லாம் போக அரைவாசி கைக்கு வரும். 60 வாட் இழுக்கும் கணினிக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும், 200 வாட் இழுப்பதற்கு, வேகமாக இழுத்தால் பற்றரி இன்னும் குறைவாகவே தரும் என்பதால், ஒன்பது, பத்து நிமிடம்தான். சேமித்து மூட அது காணும்.

யூபிஎஸ்ஸோ இன்வேட்டரோ பற்றரியில் ஓடும்போது மலிவானவை நெளியாத, படிப்படியான அலையைத் தரும். அப்போது ஸ்பீக்கர் 'ஜீ' என்று கத்தினால் சாமான் பழுதில்லை. பதிவுக்குச் சைன் அலை தரும் வகைதான் ஏற்றது. யூபிஎஸ் பற்றரியை வெக்கையான மூலையில் வைத்தால் ஈய அமில பற்றரியின் ஆயுள் பாதியாகும். தண்ணி மோட்டரும் பிரிட்ஜும் தொடங்கும்போது பதிவில் 'டிக்' என்று விழும். பதியும் அரை மணித்தியாலத்துக்கு மோட்டரை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

9. இடி மின்னலுக்கு சேர்ஜ் புரொடெக்டர் காணும்தானே?

காணாது. கிட்ட விழும் மின்னலை அந்தச் சிறு துண்டு தாங்காது. ஏர்த் இல்லாத பிளக்கில் (6ஆம் பதில்) அது அரைவாசி வேலைதான் செய்யும். சித்திரை மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தூரத்தில் முழக்கம் கேட்டதுமே எல்லாவற்றையும் சுவரிலிருந்து இழுத்துவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது. ரௌட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள், பல லப்டொப்கள் அந்த வழியால்தான் போகின்றன.

10. மாரிக்கு மைக் பொரியுது. கோடைக்கு நல்லாத்தான் கிடந்தது.

கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய தகட்டில் மின்னேற்றம் நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து 'பொரு பொரு' என்று கேட்கும். மைக் போய்விட்டது என்று கவலைப்பட வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் 100 கிராமோடு ஒரு நாள் மூடி வையுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயிலில் காயவிட வேண்டாம், தகடு தளரும். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தவிட்டுத் தூள் வலைக்குள் போகும்.

செம்மஞ்சள் நிறமாக இருந்து ஈரம் ஏறினால் பச்சையாகும் வகைச் சிலிக்காவை வாங்குங்கள். பச்சையானதும் சட்டியில் மிக மெல்லிய நெருப்பில் நிறம் திரும்பும்வரை வறுத்தால் மறுபடி பாவிக்கலாம். நீலநிறம் இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ற் உப்பு இருக்கிறது, நஞ்சு. அதைச் சமையல் சட்டியில் போடவே கூடாது. பெட்டிக்குள் சிறு ஈரமானி ஒன்று வைத்து 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கப் பாருங்கள்.

எறும்பும் பல்லியும் இங்கே ஈரத்துக்குச் சமமான எதிரிகள். சூடான அடப்டருக்குள்ளும் பாவிக்காத ஜக் ஓட்டைக்குள்ளும் எறும்பு கூடு வைக்கும். பல்லி மின்பலகையில் குறுக்கே கிடந்து செத்தால் சோர்ட்தான். பாவிக்காத வாய்களுக்கு மூடி போடுங்கள், இனிப்புத் தேத்தண்ணியை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பூச்சி உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்ரிக்கை இளக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக் காற்றால் முனைகளில் பச்சை படரும். மாதம் ஒருமுறை பஞ்சில் ஐசோபுரோபைல் மதுசாரம் தொட்டுத் துடைத்து, நாலைந்து தரம் செருகிக் கழற்றினால் கரகரப்பு வராது.

11. பாடேக்க என்ர குரல் ஹெட்போனில பிந்திக் கேக்குது. லப்டொப் காணாதோ?

முதலில் இன்டர்பேஸில் 'டிரெக்ட்' அல்லது 'மொனிட்டர்' என்ற குமிழ் அல்லது பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டு, சொப்ட்வெயரில் அந்த ட்ரக்கின் (தனியாகப் பதியும் ஒலிவரிசை) மொனிட்டரை நிறுத்தினால் குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே காதுக்கு வரும். பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும், புது லப்டொப் தேவைப்படாது.

எஃபெக்ட்டோடு கேட்க வேண்டும் என்றால் பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு, சாம்பிள் கணக்கில்) குறைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 21 மில்லி செக்கன், 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. போய்வர இரட்டிப்பும் கொஞ்சமும். சத்தம் காற்றில் ஒரு மில்லி செக்கனில் ஒரு அடிக்கு மேல் போகும் என்பதால் மொத்தம் 10 மில்லி செக்கன் என்பது பத்துப் பதினொரு அடி தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. பாடுகிறவர் அதற்கு மேல் தாங்கமாட்டார். விண்டோஸில் இன்டர்பேஸ் செய்தவர்களின் சொந்த அசியோ (பிந்தலைக் குறைக்கும் வகை) ட்ரைவரைப் போடுங்கள். பதியும்போது 128, கலக்கும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

குறைத்ததும் 'டிக் டிக்' வந்தால்: வைஃபையை நிறுத்துங்கள், பவர் அமைப்பை உயர்செயல்திறனுக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்துங்கள், யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேரே செருகுங்கள்.

12. 44.1, 48, 96 எண்டு கிடக்கு. எதில பதியிறது? சத்தம் எவ்வளவுக்கு வைக்கிறது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வீடியோவுக்கும் அதுதான் பொருந்தும். ஒரு ட்ரக் ஒரு நிமிடத்துக்கு 8.6 மெகாபைற், பத்து ட்ரக் ஐந்து நிமிடப் பாட்டு 430 மெகாபைற் அளவில். 96இல் இது இரட்டிக்கும், லப்டொப்பும் இரட்டிப்பாக வேலை செய்யும். குரல் பாட்டில் அதற்கு ஈடான வித்தியாசம் கேட்காது.

உச்சத்தில் பாடும்போது மீற்றர் -12ஐத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் அடித்தளம் மிகத் தாழ்வாக இருப்பதால் மெதுவாகப் பதிந்து பிறகு கூட்டலாம், ஆனால் 0ஐத் தொட்டு உடைந்த குரலை ஒட்ட ஏலாது. ஒத்திகையில் பாடுவதைவிட உண்மைப் பதிவில் எல்லாரும் உரக்கப் பாடுவார்கள்.

13. லப்டொப் இழுக்குது. ராம் போடவோ, எஸ்எஸ்டி போடவோ, புதுசு வாங்கவோ?

எதில் இழுக்கிறது என்று பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். பாட்டை ஓடவிட்டு டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி. பழைய சுழலும் டிஸ்க்கை மாற்றினால் ஏழெட்டு வருட லப்டொப்பும் புதுசு போல எழும்பும். மெமரி நிரம்பியிருந்தால் 8 ஜிபியை 16 ஆக்குங்கள், ராம் பலகையில் ஒட்டிய மொடலா என்று முதலில் கேட்டுவிட்டு. சிபியு மட்டும் நிரம்பினால் பாரமான ட்ரக்குகளை 'ஃப்ரீஸ்' (எஃபெக்ட்டோடு சேர்த்து ஒலிக் கோப்பாக்கி வைத்தல்) செய்யுங்கள், ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகுதான் இழுக்கிறது என்றால் அது சூடு. கிறவல் ரோட்டுச் செம்புழுதி ஃபானுக்குள் கம்பளி போல அடைந்திருக்கும். சிபியு தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கிறது. கழற்றித் துடைத்து, ஐந்து வருடத்துக்கு மேலானால் சிபியுவின் வெப்பப் பசையையும் மாற்றச் சொல்லுங்கள். லப்டொப்பை மெத்தையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டையின் மேல் உயர்த்தி வைப்பதே பாதி வைத்தியம்.

14. விண்டோஸ் 10 முடிஞ்சுதாம். உடன 11க்கு மாறவேணுமோ?

2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. லப்டொப் அன்றைக்கே நிற்காது, பாட்டும் பதியலாம். ஆனால் அதே கணினியில் வங்கி வேலை, மின்னஞ்சல் செய்வது நல்லதல்ல. 11க்கு டிபிஎம் 2.0 (கணினிக்குள் உள்ள பாதுகாப்பு வசதி) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும். பழைய லப்டொப்பை இணையத்திலிருந்து பிரித்துப் பதிவுக்கு மட்டும் வைத்திருப்பது இங்கே பலருக்குச் சரியான தீர்வு.

மாறுவதானால் கையிலிருக்கும் பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு மாறுங்கள். முதலில் இன்டர்பேஸுக்கு 11க்கான ட்ரைவர் இருக்கிறதா என்று தேடி இறக்கி வையுங்கள். ப்ளகின்களின் அனுமதி எண்களை எழுதுங்கள். டிஸ்க்கை முழுதாக வெளிடிஸ்க்கில் படியெடுங்கள். மாறியபின் பத்து நிமிடம் தொடர்ச்சியாகப் பதிந்து கேட்டுப் பார்த்தபின்தான் ஆளைக் கூப்பிடுங்கள். திருவிழா வேலை நடக்கும் வாரங்களில் அப்டேட்டை இடைநிறுத்தும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது.

15. இப்ப வைச்சிருக்கிற இன்டர்பேஸை விட விலைகூடினதுக்கு மாறினா குரல் நல்லா வருமோ?

3, 4, 6ஆம் பதில்களில் சொன்னவை சரியாகாமல் மாறினால் அதே அறையும் அதே இரைச்சலும் இன்னும் துல்லியமாகக் கேட்கும். மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: டைனமிக் மைக்குக்கு 'உஸ்' இல்லாமல் கூட்ட முடியவில்லை, நாலு மைக் ஒரே நேரம் வேண்டும், ட்ரைவர் புதுப்பிக்கப்படுவது நின்றுவிட்டது. இவற்றில் ஒன்றையாவது விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மாறுங்கள்.

16. மிருதங்கம், தவில், நாதஸ்வரம் பதியிறது எப்பிடி? ரெண்டு மைக்தான் இருக்கு.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு (இடந்தலை) ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடிய தூரத்தில், தோலின் நடுவைப் பாராமல் விளிம்பைப் பார்த்தபடி. பதிந்ததும் ஒரு ட்ரக்கின் ஃபேஸைப் (அலையை மேல்கீழாக) புரட்டிக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. இரண்டு தோலும் எதிரெதிராக அசைவதால் இதைப் பாராமல் விட்டால் கும்காரம் (தொப்பியின் தாழ்ந்த முழக்கம்) தன்னைத்தானே தின்றுவிடும். தொப்பியில் ரவை பூசியபின் அரை மணித்தியாலத்தில் காய்ந்து சுருதி ஏறும், ஃபான் காற்றில் இன்னும் கெதியாக. எல்லாம் ஆயத்தமான பிறகு பூசச் சொல்லுங்கள்.

நாதஸ்வரத்தின் ஒலி அணசிலிருந்து (அடியிலுள்ள விரிந்த வாய்) மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக் வைத்தால் கூரான சத்தம் மட்டும் கிடைக்கும். ஒன்றேகால், ஒன்றரை மீற்றர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் பார்க்க வையுங்கள். இன்டர்பேஸில் 'பாட்' (உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும்) பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். தவிலுக்கும் அதே தூரம், கூடு போட்ட விரல் விழும் வலந்தலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து. இந்த இரண்டையும் சின்ன அறைக்குள் பதிவது வீண்பாடு. விடியப்புறம் விறாந்தையிலோ முற்றத்திலோ பதியுங்கள். மைக்குக்கு ஸ்பொஞ்ச் தொப்பி போட்டால் மெல்லிய காற்று பாதிக்காது.

17. நாதஸ்வரம் ரெண்டரைக் கட்டை எண்டவை. கீபோட்டில வைச்சும் சேரமாட்டுது.

1 கட்டை சி, 2 டி, 2½ டி ஷார்ப், 4 எஃப், 5 ஜி. சியில் வாசித்துப் பழகியவர் 2½க்கு ட்ரான்ஸ்போஸை +3 ஆக்க வேண்டும், 1½க்கு +1. அப்படி வைத்தும் சேராவிட்டால் காரணம் கட்டையல்ல, அதற்குள் இருக்கும் நூலிழை வித்தியாசம். குழலின் சுருதி சீவாளியோடும் அன்றைய வெக்கையோடும் கூடிக் குறையும், பழைய ஆர்மோனியங்களும் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் இருப்பதில்லை. போனில் சுருதிமானியைப் போட்டு நாதஸ்வரக்காரரை ஆதார சட்ஜம் ஊதச் சொல்லுங்கள். அது எத்தனை சென்ற் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு) கூட அல்லது குறைய என்று பார்த்துக் கீபோட்டின் மாஸ்டர் ட்யூனை அதற்கு மாற்றுங்கள். கீபோட்தான் இறங்கி வர வேண்டும்.

18. டிஸ்க் போய் எல்லாப் பாட்டும் போச்சு. இனி எப்பிடிச் சேமிக்கிறது?

மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. லப்டொப்பில் ஒன்று, வெளிடிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேறு ஊரிலிருக்கும் உறவினர் வீட்டிலோ ஒன்று. வெளிடிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் 9ஆம் பதிலில் சொன்ன மின்னல் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். படியெடுத்ததும் கழற்றிச் சிலிக்காப் பெட்டிக்குள் வையுங்கள். 430 மெகாபைற் பாட்டு, ஏற்றும் வேகம் 5 மெகாபிட் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறும். இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம். மாதம் ஒருமுறை பழைய பாட்டு ஒன்றைப் படியிலிருந்து திறந்து பாருங்கள். திறக்காத படி படியல்ல.

19. லண்டனில இருக்கிற தம்பி கிட்டார் வாசிச்சு அனுப்பினார். தொடக்கத்தில சரி, பாட்டு முடியேக்க தாளம் விலகுது. யார்ல பிழை?

யாரிலும் பிழையில்லை, ஆனால் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் காரணம் தெரியும். சுருதியே முக்கால் கட்டை அளவுக்கு ஏறி, ஐந்து நிமிடப் பாட்டு 24 செக்கன் முன்னமே முடிந்தால், அவர் 44.1இல் பதிந்ததை உங்கள் சொப்ட்வெயர் 48 என்று நினைத்து ஓட்டுகிறது. கோப்பை 48க்கு முறையாக மாற்றி இறக்குங்கள். சுருதி சரி, கடைசியில் ஒரு சில பத்து மில்லி செக்கன் மட்டும் விலகுகிறது என்றால், அவர் போனில் பாட்டைக் கேட்டுக்கொண்டு வேறொரு கருவியில் பதிந்திருக்கிறார். இரண்டு கருவியின் கடிகாரமும் பத்து இலட்சத்தில் நூறு பங்கு வேறுபட்டாலே ஐந்து நிமிடத்தில் 30 மில்லி செக்கன். பல்லவி, சரணம் எனத் துண்டாக்கி ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் இழுத்துப் பொருத்துங்கள். கேட்பதும் பதிவதும் ஒரே இன்டர்பேஸில் நடந்தால் இது வராது.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவாகப் பிந்தினால் அது எம்பி3 கோப்பின் முன்னால் சேரும் வெற்றிடமாக இருக்கலாம், ஒருமுறை நகர்த்தினால் சரி. இனி அனுப்பும்போது: இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, எல்லா ட்ரக்கும் முதலாவது தாளத்திலிருந்தே தொடங்க வேண்டும், நடுவில் வாசித்தாலும் முன்னால் அமைதியோடு, தொடக்கத்தில் நாலு தட்டுக் கணக்கு, கோப்பின் பெயரில் வேகமும் கட்டையும். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டொக்கியுமென்ட்' என்று தெரிந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.